வெற்றிடம் பூச்சியமன்று: தோட்டப் பதிவேட்டு வரிகளை வகைப்பட்ட பதிவுகளாக மீட்டல்

முன்னுரை

சப்பிரகமுவ மாகாணத்தின் இறத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் 'பேர்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று யாவரும் அறிந்த பெயர். மற்றையது ஒரு நாள் வேலை. 'இன்றைக்குப் பேர் விழுந்ததா?' என்று வினவுவதும், 'அரைப் பேர்தான் போட்டார்கள்' என்று முறையிடுவதும் அங்கு அன்றாட வழக்கு. பெயருக்கு எதிரே இடப்படும் ஒரு குறியே அன்றைய உழைப்புக்குச் சாட்சியாகின்றது. குறி இல்லையேல் உழைப்பு நடந்தமைக்கு வேறு சாட்சி இல்லை. ஆகவே, பதிவேடு என்பது தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை வெறும் நிருவாகச் சாதனம் அன்று. கூலி, சேமலாபம், பணிக்கொடை, குடியுரிமை ஆகிய யாவும் அதன் வழியாகவே அவரை வந்தடைந்துள்ளன, அல்லது அவருக்கு மறுக்கப்பட்டுள்ளன.

செக்ரோல் எனப்படும் அப்பதிவேடு இன்று பெரும்பாலும் கணினிக்குள் சென்றுவிட்டது. மாதந்தோறும் பல நூறு தொழிலாளரின் விபரங்கள் எழுத்துக்கோப்புகளாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்கின்றன. அவற்றுட் கணிசமானவை, ஒவ்வொரு விபரத்துக்கும் இத்தனை இடம் என வரையறுத்து, இடைவெளியின்றி அடுக்கப்பட்ட வரிகளைக் கொண்டவை. இவற்றை நாம் இக்கட்டுரையில் நிலையகலக் கோப்புகள் என அழைப்போம். அவ்வரிகளை மீண்டும் பொருளுள்ள பதிவுகளாக மாற்றுவது எவ்வாறு, அம்மாற்றத்தில் எவை தொலையக்கூடும், தொலையாமற் காப்பது எவ்வாறு என்பவற்றை விளக்குவதே எமது நோக்கம். இது தொழில்நுட்ப வினா போலத் தோன்றினும், அடிப்படையில் ஓர் அத்தாட்சி பற்றிய வினாவாகும்.

1. பதிவேடும் தொழிலாளியும்: வரலாற்றுப் பின்னணி

கங்காணி முறை நிலவிய காலத்தில் ஒரு தொழிலாளி தோட்டம் மாறுவதற்குத் 'துண்டு' தேவைப்பட்டது. அத்துண்டில் எழுதப்பட்டது அவரது திறனன்று, அவரது கடன். 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், தொழிலாளியின் நிலையைப் பிறர் எழுதிய தாள் ஒன்றே தீர்மானிக்கும் நிலைமை ஒழியவில்லை.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் மிகப்பெரும் பகுதியினரை நாடற்றோராக்கியது. அடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் சட்டம், பிரசாவுரிமை கோருவோர் 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிரூபிக்க வேண்டுமென விதித்தது. மணமானோர்க்கு 7 ஆண்டுகள். ஏனையோர்க்கு 10 ஆண்டுகள். சுமார் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இச்சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தனர். 1964 அளவில் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தனர். இடையறாத வதிவை ஒரு தோட்டத் தொழிலாளி எதனைக் கொண்டு நிரூபிப்பார்? தோட்டத்தின் ஏடுகளைக் கொண்டே. ஏட்டில் ஒரு காலப்பகுதி காணப்படாவிடின், அக்காலப்பகுதியில் அவர் இந்நாட்டில் இல்லையென்று கொள்ளப்படும் அபாயம் எப்பொழுதும் இருந்தது. பதிவு இன்மை, ஆள் இன்மையாக வாசிக்கப்பட்டது. இவ்வுண்மையை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். கணினிக் கோப்புகளிலும் இதே தவறு வேறு வடிவில் மீண்டும் நிகழ்வதைப் பின்னர் காண்போம்.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும், 1974 ஆம் ஆண்டின் ஒப்பந்தமும், 1986, 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களும் குடியுரிமைப் பிரச்சினையைப் படிப்படியாகத் தீர்த்தன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதிந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையுமே குறித்தது. அதாவது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு திகதியே மீண்டும் அளவுகோலாயிற்று.

தொழில் உரிமைகளின் வரலாறும் இத்தகையதே. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இலும், ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டம் 1980 இலும், பணிக்கொடைச் சட்டம் 1983 இலும் வந்தன. இவை மூன்றும் நீண்ட காலக் கணக்கைக் கோருபவை. ஆனால், அக்கணக்கை வைத்திருந்தோர் மாறிக்கொண்டே இருந்தனர். 1972 இன் காணிச் சீர்திருத்தம், 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானமை, பின்னர் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் நிருவாகம், 1992 முதல் தனியார் கம்பனிகளின் முகாமை என உடைமையும் நிருவாகமும் கைமாறின. தொழிலாளி அதே லயத்தில், அதே மலையில், அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவரது ஏடு மட்டும் அலுவலகம் அலுவலகமாகப் பயணஞ் செய்தது.

சப்பிரகமுவவுக்கு மேலும் ஒரு தனித்தன்மை உண்டு. நுவரெலியாவைப் போலன்றி, இங்கு தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை முதலிய பகுதிகளில் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் பதியப்பட்டு வந்துள்ளன. 1977, 1981 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் இப்பகுதித் தோட்ட மக்களைக் கடுமையாகத் தாக்கின. லயங்கள் எரிந்தபோது பிறப்பு அத்தாட்சிகளும் சம்பளத் துண்டுகளும் உடன் எரிந்தன. இத்தகைய மக்களுக்கு, அலுவலகக் கோப்பில் எஞ்சியிருக்கும் ஒரு வரி பல வேளைகளில் ஒரே வரியாகும்.

2. நிலையகல வரி என்பது யாது?

ஒரு கற்பித வரியை எடுத்துக்கொள்வோம்.

0041720230422002237550

இருபத்திரண்டு இலக்கங்கள், காற்புள்ளி இல்லை, இடைவெளி இல்லை, தலைப்பு இல்லை. இவ்வரியைத் தனியே பார்ப்பவருக்கு இதனாற் பயனொன்றுமில்லை. இதனோடு ஓர் அமைப்புக் குறிப்பு இருத்தல் வேண்டும். அது கூறுவது வருமாறு: முதல் 5 இடங்கள் அங்கத்தவர் இலக்கம், அடுத்த 6 இடங்கள் ஆண்டும் மாதமும், அடுத்த 2 இடங்கள் வேலை செய்த நாட்கள், இறுதி 9 இடங்கள் வருமானம், சதத்தில். இப்பொழுது வரி பேசத் தொடங்குகின்றது. 00417 ஆம் அங்கத்தவர், 2023 ஏப்ரில் மாதத்தில், 22 நாட்கள் உழைத்து, 22,375 ரூபா 50 சதம் பெற்றார். 2021 மார்ச்சில் விதிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளப்படி 22 நாட்களுக்கு 22,000 ரூபா. எஞ்சிய 375 ரூபா 50 சதம் மேலதிகக் கொழுந்துக்கோ மேலதிகப் பாலுக்கோ உரியதெனக் கொள்ளலாம்.

இம்முறை கணினிக்கு முந்தியது. 1890 இல் அமெரிக்கக் குடிசனக் கணக்கெடுப்பில் ஹொலரித்தின் துளையட்டைகள் பயன்படுத்தப்பட்டன. 1928 இல் ஐ.பி.எம். நிறுவனம் எண்பது நிரல்கள் கொண்ட அட்டையை வெளியிட்டது. ஓர் அட்டையில் எண்பது இடங்களே உண்டு என்னும் நிலையில் ஒவ்வோர் இடமும் விலைமதிப்புள்ளதாயிற்று. ஆண்டு இரண்டிலக்கமாகச் சுருங்கியது; தசமப் புள்ளி எழுதப்படாது கருதப்பட்டது; சொற்கள் ஓரெழுத்துக் குறியீடுகளாயின. அட்டை மறைந்த பின்னும் அதன் சிக்கனம் மறையவில்லை. வரியின் பொருள் வரிக்கு வெளியே, வேறொரு தாளில் இருத்தல் என்பதே இவ்வமைப்பின் அடிப்படைப் பண்பு. அத்தாள் தொலைந்தால் கோப்பு இருந்தும் இல்லாததாகும்.

சேமலாப நிதிக்கான மாதாந்த விபரத்திரட்டுகள் இத்துறையில் முதன்மையானவை. அடையாள அட்டை இலக்கம், பெயர், முதலெழுத்துகள், அங்கத்தவர் இலக்கம், வேலைகொள்வோர் பங்கு, ஊழியர் பங்கு, மொத்த வருமானம், வேலைகொள்வோர் இலக்கம், மாதம் முதலியன அவற்றில் இடம்பெறும். நாம் மேலே காட்டிய வரி அவற்றின் எளிமைப்படுத்தப்பட்ட வடிவமே.

3. வகை என்னும் கருத்து

தரவுத்தளத்தில் ஒவ்வொரு விபரத்துக்கும் ஒரு வகை உண்டு. எண், எழுத்துத் தொடர், திகதி, ஆம்-இல்லை என்பன அவை. வகை என்பது ஒரு விபரத்தைக் கொண்டு எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதை வரையறுப்பது. வருமானத்தைக் கூட்டலாம்; அங்கத்தவர் இலக்கத்தைக் கூட்டுவதிற் பொருளில்லை. நிலையகல வரியில் இவ்வேறுபாடு மறைந்து, யாவும் எழுத்துகளாகவே நிற்கின்றன. மீட்பு என்பது இம்மறைந்த வேறுபாட்டை மீண்டும் நிறுவுவதாகும்.

இங்கு முதலாவது தவறு, இலக்கத்தால் எழுதப்பட்ட யாவும் எண்ணே எனக் கொள்வதாகும். 00417 என்பதை எண்ணாக்கினால் 417 ஆகும். முன்னிற்கும் பூச்சியங்கள் மறைந்துவிடும். கணக்கில் இது நட்டமன்று, அடையாளத்தில் நட்டமே. வேறொரு கோப்பில் 00417 எனத் தேடுபவருக்கு 417 கிடைப்பதில்லை. அங்கத்தவர் இலக்கம் எண்ணின் உடையணிந்த பெயராகும்.

இரண்டாவது தவறு மேலும் நுண்ணியது. அலுவலகங்களில் வழக்கமான விரிதாள் மென்பொருளில் எமது கற்பித வரியை அப்படியே இட்டால், மென்பொருள் அதனை ஒரே எண்ணாகக் கொள்ளும். இவ்வகை மென்பொருள்கள் ஓர் எண்ணின் 15 இலக்கங்களை மட்டுமே பேணி, எஞ்சியவற்றைப் பூச்சியமாக்கும். அவ்வாறு நிகழும்போது எமது வரி பின்வருமாறு மாறும்.

41720230422002200000

முன்னின்ற இரு பூச்சியங்கள் போயின. இறுதி ஐந்து இடங்களில் இருந்த 37550 என்பது 00000 ஆயிற்று. வருமானம் இப்பொழுது 22,000 ரூபா. பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. தொகையும் நம்பத்தக்கதாகவே இருக்கும், ஏனெனில் 22 நாட்களுக்கு 22,000 என்பது சரியான பெருக்கமல்லவா? ஆனால், மேலதிக உழைப்புக்கான 375 ரூபா 50 சதம் வரலாற்றிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதனோடு சேமலாபத்தில் சேரவேண்டிய 75 ரூபா 10 சதமும் போயிற்று. யாரும் திருடவில்லை, எனினும் பொருள் காணாமற் போயிற்று. பிழைகளுள் மிக ஆபத்தானவை நம்பத்தக்க தோற்றமுடைய பிழைகளே.

மூன்றாவதாக, அரைப் பேரின் கதையைக் குறிப்பிடல் வேண்டும். நாட்களுக்கு இரண்டு இடங்களே ஒதுக்கிய அமைப்பில் இருபத்திரண்டரை நாளை எழுத வழியில்லை. ஒருவர் அரைநாளைக் கைவிடுவார். இன்னொருவர் இடத்தை மூன்றாக்கி 225 என எழுதுவார். அமைப்புக் குறிப்பு இல்லாமல் பின்னர் வருபவர் 225 ஐக் கண்டு, ஒரு மாதத்தில் இத்தனை நாளா என மலைத்து அதனைப் பிழையென அழிக்கவுங்கூடும். தொழிலாளரின் வாழ்வில் அரைப் பேர் உண்டு. படிவத்தை வகுத்தோரின் எண்ணத்தில் அது இல்லை. படிவத்தின் குறை தொழிலாளியின் குறையாக மாறுவது இவ்வாறே.

நான்காவதாக, 202304 என்பது ஒரு மாதம்; திகதியன்று. தரவுத்தளத்தின் திகதி வகைக்குள் அதனைப் புகுத்தினால் 2023 ஏப்ரில் 1 என ஒரு நாளைக் கற்பிக்க வேண்டிவரும். பின்னர் யாரேனும் அதனைச் சேவை தொடங்கிய நாளாகவோ பணஞ்செலுத்திய நாளாகவோ வாசித்தல் கூடும். ஆதலின் ஆண்டையும் மாதத்தையும் இரு தனிப் புலங்களாக வைத்தலே நேர்மையான வழி.

4. அடையாள அட்டை இலக்கம்: வரிக்குள் ஒரு வரி

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய அடையாள அட்டையின் இலக்கமும் தன்னளவில் ஒரு நிலையகலப் பதிவே. பழைய அமைப்பில் ஒன்பது இலக்கங்களும் ஓர் உரோம எழுத்தும் உண்டு. முதலிரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். ஈற்றெழுத்து 'வி' ஆயின் வாக்குரிமையுடையவர். 'எக்ஸ்' ஆயின், அட்டை வழங்கப்பட்ட வேளையில் வாக்குரிமையில்லாதவர். பல்லாண்டுகள் நாடற்றிருந்த சமூகமொன்றைப் பொறுத்தவரை அவ்வோரெழுத்து ஒரு நூலளவு வரலாற்றைத் தாங்கி நிற்கின்றது. மாற்றத்தின்போது அதனைத் தேவையற்ற வாலென வெட்டிவிடுதல் தகாது.

61562 எனத் தொடங்கும் ஓர் இலக்கத்தைக் கருதுவோம். 1961 இல் பிறந்தவர். 562 இலிருந்து 500 ஐக் கழிக்க 62. எனவே பெண், ஆண்டின் 62 ஆவது நாளிற் பிறந்தவர். 1961 சாதாரண ஆண்டு; பெப்ரவரிக்கு 28 நாட்கள். ஆகவே 62 ஆவது நாள் மார்ச் 3 எனக் கணினி விடையளிக்கும். அது தவறு. இவ்விலக்க முறையில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாட்களாகவே கொள்ளப்படுகின்றது. சரியான விடை மார்ச் 2. இவ்விதியை அறியாத ஒருவர் எழுதும் நிரலாக்கம், நெட்டாண்டல்லாத ஆண்டுகளில் பெப்ரவரிக்குப் பின் பிறந்த அனைவரையும் ஒரு நாள் இளையவராக்கிவிடும். ஒரு நாள்தானே என அலட்சியம் செய்தலாகாது. பிறப்பு அத்தாட்சியில் ஒரு திகதி, கோப்பில் வேறொரு திகதி எனின், விண்ணப்பம் திருப்பியனுப்பப்படுவதற்கு அதுவே போதுமானது. சேமலாப நிதியைப் பெறுவதற்குப் பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் விதிக்கப்பட்டுள்ளமையால், பாலும் பிறந்த திகதியும் நேரடியாகப் பணத்தோடு தொடர்புடையன. ஒரு பெண்ணின் இலக்கத்தில் 562 என்பது 062 எனத் தவறாகப் பதியப்படின், அவர் ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டியவராகக் காட்டப்படுவார்.

2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கங்கள் பன்னிரண்டு இலக்கமுடையவை; ஆண்டு நான்கிலக்கமாக எழுதப்படுகின்றது. பழைய பத்திட அமைப்பிற் புதிய இலக்கத்தை இட்டால் ஒன்றில் அது வெட்டுண்ணும், அன்றேல் பின்வரும் விபரங்களை எல்லாம் இரண்டிடம் தள்ளிவிடும். தள்ளப்பட்ட வரியில் வருமானத்தின் முதலிலக்கங்கள் வேறொரு புலத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

வேறொன்றும் உண்டு. பிறப்புப் பதிவு இல்லாத முதியோர்க்கு வயதை உத்தேசமாக நிர்ணயித்து அத்தாட்சி வழங்குதல் வழக்கம். திகதி வகைப் புலத்திற்குள் அது புகுந்தவுடன் உத்தேசம் என்பது மறைந்து, உறுதியான திகதிபோலத் தோற்றமளிக்கும். எனவே, திகதிக்கு அருகே அதன் தன்மையைக் கூறும் தனிப்புலம் ஒன்று இன்றியமையாதது.

5. பெயரும் எழுத்தும்

படிவங்கள் 'குடும்பப் பெயர்', 'முதலெழுத்துகள்' என இரு புலங்களைக் கேட்கின்றன. தோட்டத் தமிழரிடையே குடும்பப் பெயர் வழக்கமில்லை. தந்தை பெயரே முதலெழுத்தாகின்றது. ஆகையால், ஓர் எழுதுவினைஞர் தொழிலாளியின் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்ப் புலத்தில் இடுவார். அடுத்து வருபவர் தந்தை பெயரை இடுவார். ஒரே பெண் இரு கோப்புகளில் இருவராகி நிற்பார். சிங்கள வழியாகவோ ஆங்கில வழியாகவோ எழுதும்போது எழுத்துக்கூட்டலும் வேறுபடும்.

தமிழெழுத்திலேயே எழுதினாலும் சிக்கல் தீர்வதில்லை. முத்தம்மா என்னும் பெயரில் எமது கண்ணுக்கு எழுத்துகள் ஐந்து. இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவில் அது எட்டு இடங்களை எடுக்கும். யுனிகோட் முறையில் ஒன்பது குறிகள், வழக்கமான யு.டி.எஃப்-8 வடிவிற் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற்றுகளாக இருபத்தேழு பைற்றுகள். பெயருக்கு இருபது இடம் என்னும் விதி எழுத்தைக் குறிக்கின்றதா, குறியைக் குறிக்கின்றதா, பைற்றைக் குறிக்கின்றதா? பைற்று எனின், முத்தம்மாவின் பெயர் 'முத்தம' என்பதோடு நின்று, அதன்பின் வாசிக்கவியலாத ஒரு சிதைவும் ஒட்டிக்கொள்ளும். உரோம எழுத்தை மனங்கொண்டு வகுக்கப்பட்ட நிரலில் தமிழ்ப் பெயர் வெட்டுண்ணாமல் இடம்பெறுவது அரிது.

பாமினிக் கோப்புகளில் மற்றொரு பொறியும் உண்டு. அவ்வெழுத்துருவில் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யின் புள்ளியும், காற்புள்ளி இருக்கும் இடத்தில் 'இ' என்னும் உயிரும் அமைந்துள்ளன. நிலையகல வரியைக் காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட கோப்பாக மாற்றுவோர் இதனை உணராவிடின், 'இ' எனத் தொடங்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு நிரலை மேலதிகமாக உண்டாக்கி வரி முழுவதையும் சிதைக்கும். இராமாயிகளும் இலட்சுமிகளும் தத்தம் பெயரின் முதலெழுத்தினாலேயே தமது சம்பளத்தை இழக்க நேரும்.

6. வெற்றிடமும் பூச்சியமும்

இனி, எமது ஆய்வின் மையப் பொருளுக்கு வருவோம். வேலைநாள் புலத்தில் 00 என இருப்பதும், இரண்டு வெற்றிடங்கள் இருப்பதும் ஒன்றா? பெரும்பாலான மாற்று நிரல்கள் இரண்டையும் பூச்சியமாகவே எழுதுகின்றன. இது வசதியானது; ஆனால் உண்மையன்று.

தென்மேற்குப் பருவமழை கொட்டும் இறத்தினபுரி, கேகாலைப் பகுதிகளை நினைத்துப் பார்ப்போம். மழைநாளில் இறப்பர் மரத்திற் பால்வெட்டு நடைபெறாது. மரப்பட்டை நனைந்தால் பால் கிண்ணத்தில் விழாது வழிந்தோடும். அத்தகைய நாளொன்றில் 'பூச்சியம்' எனப் பதியப்படுவதன் பொருள்: அவர் தோட்டத்தில் இருந்தார், பதிவில் இருந்தார், பால்வெட்டு நடைபெறவில்லை. வெற்றிடத்தின் பொருளோ வேறு. ஏட்டின் பக்கம் காணாமற் போயிருக்கலாம். அம்மாதக் கோப்பு அனுப்பப்படாதிருக்கலாம். நிருவாகம் கைமாறிய வேளையில் பழைய இலக்கத்தின் கீழ் அவரது விபரம் நின்றுபோயிருக்கலாம். அவர் உண்மையிலேயே விலகியும் இருக்கலாம். பூச்சியம் ஓர் அறிவு, வெற்றிடம் அறியாமை. அறியாமையை அறிவாக எழுதிவைப்பது பொய்ச்சாட்சியின் தொடக்கமாகும்.

தரவுத்தள முறைகளில் இவ்வேறுபாட்டைக் காப்பதற்கு வழி உண்டு. மதிப்பு இல்லை என்பதைக் குறிக்க 'நல்' எனப்படும் தனிநிலை ஒன்று உள்ளது. அது எண்ணுமன்று, எழுத்துமன்று. 'இங்கு விபரம் அறியப்படவில்லை' என்னும் கூற்று. அதனோடு கூட்டினால் விடையும் அறியப்படாததே. பலர் இதனைத் தொல்லையாகக் கருதி, கூட்டல் தடைப்படாதிருக்கும் பொருட்டு அதனைப் பூச்சியமாக்குகின்றனர். கூட்டல் தடைப்படத்தான் வேண்டும். மூன்று மாதங்களின் விபரம் அறியப்படாத ஒரு தொழிலாளியின் சேவைக்காலத்தை நாம் அறிவோம் என்று பாவனை செய்வதிலும், அறியோம் என ஒப்புக்கொண்டு தேடத் தொடங்குவதே நீதியானது.

1949 ஆம் ஆண்டின் சட்டத்தைப் பற்றி முன்னர் கூறியவற்றை இவ்விடத்தில் மீள நினைவுகூரலாம். அன்று அத்தாட்சியில்லாத காலம் வதியாத காலமாக வாசிக்கப்படும் அபாயம் இருந்தது. இன்று வெற்றிடம் பூச்சியமாகவும், பூச்சியம் வராதோர் பட்டியலாகவும், அது சேவை முறிவாகவும் மாறக்கூடும். அதிகாரியின் பேனா செய்ததை நிரலாக்கத்தின் ஒரு வரி செய்துவிடும். வேறுபாடு யாதெனில், அதிகாரியிடம் முறையிடலாம். நிரல் வரி இருப்பதே தொழிலாளிக்குத் தெரியாது.

7. மீட்பு முறை

மேற்கூறியவற்றைக் கருத்திற் கொண்டு, நடைமுறையிற் பின்பற்றத்தக்க ஒழுங்கொன்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது, மூலக்கோப்பைத் தொடலாகாது. அதன் பிரதியிலேயே வேலை நிகழ வேண்டும். மீட்கப்படும் ஒவ்வொரு பதிவினுள்ளும் அது தோன்றிய மூலவரியை அப்படியே ஒரு புலமாக வைத்தல் நன்று. நமது விளக்கம் நாளை பிழையெனக் காணப்படலாம். சாட்சி அழியாதிருக்க வேண்டும்.

இரண்டாவது, அமைப்புக் குறிப்பைத் தேடல். கிடையாவிடின் கோப்பிலிருந்தே அதனை ஊகித்தல் கூடும். எல்லா வரிகளும் ஒரே நீளமா? எந்த நிரல்களில் இலக்கம் மட்டும் வருகின்றது? எந்த நிரல்களில் எல்லா வரிகளிலும் ஒரே குறி நிற்கின்றது? ஓர் ஆறிடத் தொகுதி கோப்பு முழுவதும் மாறாது நின்று 01 முதல் 12 வரையிலான எண்ணில் முடியுமாயின் அது மாதமாதல் கூடும். கல்வெட்டாய்வாளர் சிதைந்த எழுத்தை வாசிப்பது போன்ற பணி இது.

மூன்றாவது, யாவற்றையும் முதலில் எழுத்துத் தொடராகவே வாசித்துப் பிரித்தல். பிரித்த பின்னரே வகை மாற்றம். மாற முடியாத மதிப்புகளை நீக்காமலும் திருத்தாமலும் தனிப்பட்டியலாக வைத்தல்.

நான்காவது, உட்சான்றுகளாற் சோதித்தல். சேமலாப நிதியில் வேலைகொள்வோர் பங்கு 12 சதவீதம், ஊழியர் பங்கு 8 சதவீதம். எமது கற்பித வரிக்கு அவை முறையே 2,685 ரூபா 6 சதமும் 1,790 ரூபா 4 சதமும். மொத்தம் 4,475 ரூபா 10 சதம். இம்மூன்றும் வருமானத்தோடு பொருந்தாவிடின், நிரல் எல்லை பிழைத்துள்ளது, அல்லது தசமம் இடம்மாறியுள்ளது, அல்லது செலுத்தவேண்டியது முழுமையாகச் செலுத்தப்படவில்லை. முதலிரண்டும் எமது பிழை. மூன்றாவது தொழிலாளி கேட்கவேண்டிய கேள்வி. ஆகவே, பொருந்தாத வரிகளைப் பொருந்தச் செய்தல் எமது பணியன்று. அவற்றைக் காட்டுதலே எமது பணி.

ஐந்தாவது, மீள்மாற்றச் சோதனை. வகைப்பட்ட பதிவுகளிலிருந்து நிலையகல வரியை மீண்டும் எழுதி, மூலவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடல் வேண்டும். ஓரெழுத்தேனும் வேறுபடின், இடையில் ஏதோ தொலைந்துள்ளது. முன்பூச்சியம், வெற்றிடம், ஈற்றெழுத்து ஆகியன தொலைந்தமையை இச்சோதனை உடனே வெளிப்படுத்தும். இதனைச் செய்யாத மாற்றத்தை முடிந்த மாற்றமென ஏற்றல் கூடாது.

ஆறாவது, ஒருவரையொருவராக இணைத்தல். வேலைகொள்வோர் இலக்கமும் அங்கத்தவர் இலக்கமும் மாறியிருக்கும் நிலையில், பெயரொப்புமையை மட்டும் கொண்டு இரு பதிவுகளை ஒன்றாக்குதல் ஆபத்தானது. இணைப்பு என்பது முடிவன்று. ஆதாரத்தோடு கூடிய முன்மொழிவு. இறுதி வார்த்தை அத்தொழிலாளிக்கே உரியது. மீட்கப்பட்ட விபரத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டல் வேண்டும். எந்த ஆண்டு எந்தக் கங்காணியின் கீழ் எந்த மலையில் நின்றார் என்பதை அவர் நினைவிலிருந்து கூறுவார். அந்நினைவும் ஒரு மூலமே.

இவ்வேலை தனியாரின் விபரங்களைக் கையாள்வது என்பதால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கங்களை மதித்தல் அவசியம். மறுபுறம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபைகளிடமுள்ள தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பிரசைக்கு வழங்கியுள்ளது. கோப்பைக் கேட்பவர்கள் அதன் அமைப்புக் குறிப்பையும் சேர்த்தே கேட்டல் வேண்டும் என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம். குறிப்பில்லாத கோப்பு பதிலாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நிலையகல வரியைப் பதிவாக மீட்டல் இயந்திரச் செயல் மட்டுமன்று என்பது தெளிவாகும். அது ஒரு வாசிப்பு. எல்லா வாசிப்புகளையும் போலவே அதற்கும் ஒரு நிலைப்பாடு உண்டு. வெற்றிடத்தைப் பூச்சியமாக வாசிப்பவர், தாம் அறியாமலே, ஏட்டை வைத்திருப்போரின் பக்கம் நின்று வாசிக்கின்றார். வெற்றிடத்தை வெற்றிடமாகவே காப்பவர் கேள்விக்கு இடம் வைக்கின்றார்.

மலையக மக்களின் வரலாற்றை எழுத முனைவோர் வாய்மொழிப் பாடல்களையும் தொழிற்சங்க ஆவணங்களையும் ஆதாரமாகக் கொண்டுள்ளனர். இனி, இவ்விலக்க வரிகளும் அவ்வரலாற்றின் மூலங்களாகக் கொள்ளப்படல் வேண்டும். கணினித்துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யவேண்டிய பணி இது. எழுத்து எங்கே வெட்டுண்டது என்பதை ஒருவர் அறிவார். வெட்டுண்ட பெயர் யாதாயிருக்கும் என்பதை மற்றவர் அறிவார். காலையில் பிரட்டுக்களத்தில் நின்றவருக்குப் பேர் விழுந்தது. அந்தப் பேர் ஐம்பது ஆண்டுகளின் பின்னரும் விழுந்தபடியே இருக்கச் செய்தல் எமது கடனாகும்.